சிங்கப்பூரில் செல்லப்பிராணி: வாங்கும் முன் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்

சிங்கப்பூரில் எந்தெந்த விலங்கை வளர்க்கக் கூடாது என்று தடைப் பட்டியல் தேடுபவர்கள் தொடக்கத்திலேயே வழி தவறிவிடுகிறார்கள். இங்கு நடைமுறை தலைகீழானது. வளர்க்கலாம் என்று சொல்லும் பட்டியல்தான் முக்கியம். அதில் பெயர் இல்லாத விலங்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எவ்வளவு சாதுவாக இருந்தாலும், வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. "தடை செய்திருப்பதாக எங்கும் போடவில்லையே" என்ற வாதம் அதிகாரிகளிடம் எடுபடாது.

விலங்கு மீட்புப் பணியில் தொண்டூழியராக இருப்பதால், மாட்டிக்கொண்டவர்களை நிறையவே பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் சட்டத்தை ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். குட்டியின் படத்தைப் பார்த்து மனத்தைக் கொடுத்தார்கள், முன்பணம் கட்டினார்கள், அதற்குப் பிறகு விதிகளைத் தேடினார்கள். வரிசையை மாற்றினால் பாதிச் சிக்கல் வராது. முதலில் வீடு, அடுத்து இனம், அதற்கடுத்து விற்பவர், பிறகு உரிமம். விலங்கு வீட்டுக்குள் நுழைவது கடைசியில்தான்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுரிமை வீடென்றால் (காண்டோமினியம்) நிர்வாகக் குழுவின் துணைவிதிகள் வேண்டும். உரிமத்துக்கு விண்ணப்பிக்க, அரசின் இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வேண்டும். வாங்க நினைக்கும் விலங்கின் அறிவியல் பெயரும் வேண்டும். அது ஏன் என்பதை நான்காம் பிரிவில் சொல்கிறேன்.

யாரிடம் கேட்பது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விலங்குகளைப் பற்றிய விதிகளைக் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் உள்ள விலங்குநல மருத்துவச் சேவை. 2019 ஏப்ரல் வரை இந்தப் பொறுப்பு வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையத்திடம் (ஏவிஏ) இருந்தது. பழைய கட்டுரைகளில் அதன் பெயரைப் பார்த்தால், அதில் உள்ள விதிகளும் பழையவையாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு அக்கழகத்தின் கூடுதல் விதிகளும் உண்டு. ஒன்றின் அனுமதி மற்றொன்றின் அனுமதி ஆகாது.

2. முதலில் வீட்டைப் பாருங்கள்

பெரிய இன நாய் ஒன்று, தனி நிலத்தில் கட்டிய தரைவீட்டில் சட்டப்படி இருக்கலாம். வீவக வீட்டில் அதுவே விதிமீறல். விலங்குக்கு முன் வீட்டைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட சிறு இன நாய் ஒன்றும், பூனைகள் இரண்டும் வரை வளர்க்கலாம். தனியார் வீடுகளில் நாய், பூனை இரண்டையும் சேர்த்து மூன்று வரை. இந்த எண்ணிக்கை வீட்டுக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஒரே வீவக வீட்டில் மூன்று அறைகளை மூவர் வாடகைக்கு எடுத்திருந்தாலும் அங்கே ஒரு நாய்தான். அறைத் தோழர் ஏற்கெனவே ஒன்றை வைத்திருந்தால் உங்கள் திட்டம் அங்கேயே முடிந்தது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

வீட்டு உரிமையாளர் வாய்மொழியாகச் "சரி" சொன்னால் போதாது. எழுத்தில் வாங்குங்கள். பிற்பாடு அண்டை வீட்டார் புகார் கொடுத்தால், அந்தச் "சரி" பெரும்பாலும் நினைவில் இருக்காது.

கோழி வளர்க்க ஆசைப்படுபவர்களும் உண்டு. வீவக வீட்டில் கூடாது. தரைவீட்டில் விற்பனைக்கு அல்லாமல் பத்துக் கோழிகள் வரை வளர்க்கலாம். ஆனால் காட்டுப் பறவைகள் நுழையாதபடி வலையடித்த கூண்டு வேண்டும். பறவைக் காய்ச்சலைக் காட்டுப் பறவைகள் கொண்டுவரக்கூடும் என்பதே காரணம்.

3. அனுமதிப் பட்டியலைப் படியுங்கள்

நாய், பூனை தவிர, வீட்டில் வளர்க்க அனுமதி உள்ள சிறு விலங்குகள் இவை: முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர், ஜெர்பில், சுண்டெலி, சின்சில்லா. ஆமைகளில் செங்காது ஆமையும் மலாயாப் பெட்டி ஆமையும் மட்டும். இவற்றோடு பச்சை மரத்தவளை, தரையில் வாழும் துறவி நண்டு, அலங்கார மீன்கள், செல்லப் பறவைகளாக விற்கப்படும் சில இனங்கள். பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுவதால், வாங்கும் வாரத்தில் விலங்குநல மருத்துவச் சேவையின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த வரிசையில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். முள்ளெலி, சுகர் கிளைடர், இகுவானா, சிறுத்தைப்புள்ளிப் பல்லி, எல்லா வகைப் பாம்புகள், நட்சத்திர ஆமை, டரான்டுலா சிலந்தி, தேள். இவற்றில் பலவற்றை வேறு நாடுகளில் கடையிலேயே வாங்கலாம். அங்கிருந்து மாறி வருபவர்கள் இதனால்தான் குழம்புகிறார்கள். முள்ளெலி விஷயத்தில் "காணொளிகளில் எல்லோரும் வளர்க்கிறார்களே" என்ற கேள்வி எனக்கு அலுத்தேவிட்டது. காணொளி எடுத்தவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பாருங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? முதல் காரணம் நோய். ஊர்வனவற்றிடமிருந்தும் முள்ளெலியிடமிருந்தும் சால்மொனெல்லா கிருமி மனிதருக்குத் தொற்றலாம். சிறு குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல். இரண்டாவது, இவற்றில் பல, காட்டிலிருந்து பிடிக்கப்பட்டே சந்தைக்கு வருகின்றன. மூன்றாவது, வெப்பமண்டலத் தீவு இது. தப்பித்த அயல்விலங்குகளில் பல இங்கே சுகமாகப் பிழைத்துக்கொள்ளும். செங்காது ஆமையே இதற்குச் சாட்சி. அனுமதிப் பட்டியலில் இருந்தாலும், வளர்ந்ததும் சலித்துப்போய்க் குளங்களில் விட்டவர்களால் அது நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் நீர்வாழ் உயிர்களோடு போட்டியிடுகிறது.

மீன் என்றாலே தடையில்லை என்ற எண்ணமும் தவறு. பிரானா கூடாது. ஆசிய அரோவானாவை வளர்க்கலாம், ஆனால் பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, உடலில் மைக்ரோசிப்போடும் சான்றிதழோடும் வந்ததாக இருக்க வேண்டும். சான்றிதழில் உள்ள எண்ணும் மீனின் மைக்ரோசிப் எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே கருவியை வைத்துப் பார்த்துவிடுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

உள்ளூர்க் காட்டு விலங்குகளுக்கு வனவிலங்குச் சட்டம் பொருந்தும். கூட்டிலிருந்து விழுந்த மீன்கொத்திக் குஞ்சையோ அணிலையோ எடுத்து, "நாங்கள் காப்பாற்றி வளர்க்கிறோம்" என்று கூண்டில் அடைப்பதும் மீறல்தான். நல்லெண்ணம் இருக்கலாம், அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். பத்தாம் பிரிவில் உள்ள உதவி எண்ணுக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை தொடாமல் இருப்பது நல்லது.

4. பெயரைச் சரிபாருங்கள்

விற்பவர் சொல்லும் பெயர் ஒன்று, சட்டம் பார்க்கும் பெயர் வேறு. அறிவியல் பெயரைக் கேளுங்கள்; அதை வைத்துத் தேடுங்கள்.

தமிழ்நாட்டில் 'லவ் பேர்ட்ஸ்' என்று கூண்டில் விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜெரிகர் கிளிகள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறோர் இனம். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' பன்னாட்டு உடன்படிக்கை ஏறக்குறைய எல்லாக் கிளி இனங்களையும் பட்டியலிடுகிறது. விலக்கு நான்குக்கு மட்டும்: பட்ஜெரிகர், காக்கட்டீல், ரோஜாமுக லவ் பேர்ட், செந்தார்ப் பச்சைக்கிளி. ஆகவே ரோஜாமுகத்துக்குக் கேட்காத ஆவணத்தை ஃபிஷர் லவ் பேர்டுக்குக் கேட்பார்கள். கூண்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், விலையிலும் பெரிய வேறுபாடு இருக்காது.

சன் கொன்யூர், மக்காவ், காக்கட்டூ, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஆகியவை எல்லாம் உடன்படிக்கைக்கு உட்பட்டவை. சட்டபூர்வமாக நாட்டுக்குள் வந்ததற்கான சான்று இல்லாமல் வைத்திருப்பது, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் இறக்குமதி, ஏற்றுமதிச் சட்டத்தின்படி குற்றம். 2022இல் தண்டனை கடுமையாக்கப்பட்டது. மிக உயர்ந்த பாதுகாப்பில் உள்ள முதல் பட்டியல் இனங்களுக்கு, ஒவ்வோர் உயிருக்கும் 100,000 வெள்ளி வரை, மொத்தம் 500,000 வெள்ளி வரை அபராதமும், ஆறு ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அந்த முதல் பட்டியலில்தான் இருக்கிறது.

நாய்களிலும் இதே குழப்பம். நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் வெள்ளை நாய்களில் பல உண்மையில் இந்திய ஸ்பிட்ஸ். இங்கே விண்ணப்பத்தில் பொமரேனியன் என்று எழுதினால், கால்நடை மருத்துவர் நாயைப் பார்த்தவுடன் கேள்வி எழும்.

5. நாய் என்றால்

வீவக வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட இனங்கள் 62. ஷி ட்சு, மால்டீஸ், சிவாவா, பக் போன்றவை அதில் வரும். கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார், ஹஸ்கி, கோர்கி ஆகியவை வராது. கோர்கி குட்டையாக இருக்கிறதே என்பார்கள். உயரம் குறைவுதான், உடல் கனம். இங்கே மக்கள்தொகையில் பெரும்பகுதி வீவக அடுக்குமாடிகளில், ஒரே மின்தூக்கியையும் தாழ்வாரத்தையும் பகிர்ந்து வாழ்கிறது. நாயைக் கண்டால் நடுங்குபவரும் அந்த மின்தூக்கியில்தான் ஏற வேண்டும். நாயின் அளவைக் குறுக்கியதற்கு இதுவே அடிப்படை. மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம், நாயையும் அகற்ற வேண்டும்.

பெரிய நாய்தான் வேண்டும் என்றால் சட்டபூர்வமான வழி ஒன்று உண்டு. தெருவில் பிறந்த உள்ளூர்க் கலப்பின நாய்களை, 'அடோர்' என்ற திட்டத்தின் மூலம், பங்கேற்கும் விலங்குநல அமைப்புகளிடமிருந்து தத்தெடுக்கலாம். தோள் உயரம் 55 சென்டிமீட்டர் வரை உள்ள நாய்களுக்கு இதில் இடமுண்டு. ஆனால் அந்தத் திட்டத்துக்கு வெளியே, தெரிந்தவரிடமிருந்து அதே அளவு நாயை வாங்கி வந்தால் பொருந்தாது. என்னைக் கேட்டால், கடையில் குட்டி வாங்குவதற்கு முன் இந்த அமைப்புகளில் ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள் என்பேன்.

மூர்க்கம் உள்ளவையாகக் கருதப்படும் இனங்களுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. பிட்புல், தோசா, அகிட்டா, நியாபொலிட்டன் மாஸ்டிஃப் போன்றவை முதல் பகுதி. இவற்றை நாட்டுக்குள் கொண்டுவரவே முடியாது. ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவை இரண்டாம் பகுதி. காப்பீடு, கீழ்ப்படிதல் பயிற்சி போன்ற நிபந்தனைகளோடு தனியார் வீட்டில் வளர்க்கலாம், வெளியே வாய்மூடி கட்டாயம். தமிழ்நாட்டில் தெருவுக்கொரு ராட்வைலரும் அல்சேஷனும் பார்த்துப் பழகியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. அல்சேஷன் என்பது ஜெர்மன் ஷெப்பர்டேதான்.

6. பூனை என்றால்

1989 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 அன்று அது நீங்கியது. அதற்கு முந்தைய இணையப் பதிவுகளில் "வீவக வீட்டில் பூனை கூடாது" என்றுதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே இருக்கும் பூனையை மறைத்து வளர்க்காதீர்கள்.

தடை நீங்கியதோடு உரிமமும் கட்டாயம் ஆனது. மைக்ரோசிப் பொருத்த வேண்டும். முதன்முறையாகப் பூனை உரிமம் கேட்பவர் இணையவழியில் இலவசப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். பூனை வைத்திருந்தவர்களுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை இடைக்காலம் தரப்பட்டது. இரண்டுக்கு மேல் வைத்திருந்தவர்களும் அதற்குள் விண்ணப்பித்தால் இருப்பவற்றை வைத்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்க்க முடியாது.

உரிமத்துக்கு முன் சன்னல்களுக்கு வலை அடியுங்கள். பூனை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பத்தாவது மாடிச் சன்னல் விளிம்பில் வெயில் காயும் பூனை புறாவைப் பார்த்துத் தாவுவது நடக்கக்கூடியதே. பூனையைக் கொண்டுவந்து விட்டு, வலைக்காரருக்கு அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருப்பவர்கள் அந்த ஒரு வாரத்தைத்தான் பணயம் வைக்கிறார்கள்.

7. விற்பவரைச் சோதியுங்கள்

உரிமம் பெற்ற செல்லப்பிராணிக் கடைகளின் பட்டியலை விலங்குநல மருத்துவச் சேவை வெளியிடுகிறது. கடையின் பெயரையும் முகவரியையும் அதில் ஒப்பிடுங்கள். பெயர் இருந்து முகவரி வேறாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

டெலிகிராம் குழுக்களில் நடக்கும் வணிகம் வேறு வகை. முள்ளெலி, சுகர் கிளைடர், சிறு ஆமைகள் எல்லாம் அங்கே கிடைக்கும். மின்தூக்கித் தளத்திலோ எம்ஆர்டி ரயில் நிலையத்திலோ கைமாற்றலாம் என்பார்கள். அதிகாரிகள் இந்தக் குழுக்களைக் கண்காணித்து, வாங்குபவர்போல் பேசிப் பிடித்த வழக்குகள் உண்டு. விற்றவரின் தொலைபேசியைப் பார்த்தால் வாங்கியவர்களின் பெயர்களும் அதில்தான் இருக்கும்.

எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜோகூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்பது அடுத்த ஆசை. உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் கார் இருக்கைக்கு அடியிலும் கதவுப் பலகைக்குள்ளும் நாய்க்குட்டிகளும் பறவைகளும் பிடிபடுவது வழக்கமாகிவிட்டது. உரிமம் இல்லாமல் விலங்கைக் கொண்டுவந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சிங்கப்பூரில் வெறிநாய்க்கடி நோய் இல்லை. சோதனைச்சாவடியில் இரக்கம் காட்ட மாட்டார்கள் என்பதற்கு அது ஒன்றே போதும்.

8. ஊரிலிருந்து கொண்டுவர நினைத்தால்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவர்கள் நாய், கிளி, ஆமை மூன்றைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

நாயைக் கொண்டுவரலாம், ஆனால் பொறுமை வேண்டும். மைக்ரோசிப், பிறகு வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு எதிர்ப்புச்சக்தி உருவானதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, பிறகு இறக்குமதி உரிமமும் தனிமைப்படுத்தும் நிலையத்தில் இடமும். இந்த வரிசை மாறக் கூடாது. மைக்ரோசிப்புக்கு முன் போட்ட தடுப்பூசியை இன்ன நாய்க்குத்தான் போட்டது என்று நிரூபிக்க வழியில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். விமான டிக்கெட்டை, தனிமைப்படுத்தும் இடம் உறுதியான பிறகு எடுங்கள். இடம் கிடைக்காமல் நாயை ஊரில் உறவினரிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். குடியேறப் போவது வீவக வீடென்றால், இத்தனைக்கும் முன் ஐந்தாம் பிரிவைப் படியுங்கள். நம் ராஜபாளையமோ கோம்பையோ அந்தப் பட்டியலில் இல்லை.

பச்சைக்கிளியைக் கொண்டுவர முடியாது. சிங்கப்பூர் விதிக்கு வருவதற்கு முன்பே, இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. மேலே சொன்ன பன்னாட்டு விலக்கு அந்தச் சட்டத்திலிருந்து விடுவிக்காது. ஊரில் தாத்தா காலத்திலிருந்து கூண்டில் கிளி வளர்த்த குடும்பங்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். ஆனாலும் சட்டம் அதுதான்.

நட்சத்திர ஆமை இந்தியா, பாகிஸ்தான், இலங்கைக்கே உரியது. கடத்தலால் அதன் எண்ணிக்கை ஆபத்துக்கு உள்ளானதால், 2019இல் பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. "அதிர்ஷ்டம்" என்று பரிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பையில் வைத்தவர் யாரோ, விமான நிலையத்தில் பதில் சொல்பவர் நீங்கள்.

9. உரிமம் எடுத்துவிட்டு அழைத்து வாருங்கள்

நாய்க்கும் பூனைக்கும் உரிமம் வேண்டும். முயல், ஹாம்ஸ்டர் போன்றவற்றுக்கு வளர்ப்பவர் உரிமம் எடுக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் இணையவழியில், சிங்பாஸ் மூலம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக் கட்டணம் 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. கருத்தடையை ஊக்குவிக்கவே இந்த இடைவெளி. உரிமம் இல்லாத நாய்க்கு 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, விற்றவர் பெயரிலேயே மைக்ரோசிப் பதிவு கிடப்பது. கடைக்காரர் "நாங்கள் மாற்றிவிடுகிறோம்" என்பார். மாறிவிட்டதா என்று நீங்களே கணக்கில் பாருங்கள். நாய் தொலைந்து யாராவது மீட்டால், தொலைபேசி அழைப்பு அந்தக் கடைக்குத்தான் போகும். வீடு மாறினாலும் முகவரியை மாற்றுங்கள். தனியார் வீட்டில் எடுத்த உரிமத்தோடு வீவக வீட்டுக்கு மாறினால் பழைய அனுமதி கூடவே வராது.

10. கூடாத விலங்கு ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

பூங்காவிலோ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிடாதீர்கள். இதைத்தான் பலரும் முதலில் செய்கிறார்கள். வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது தனிக் குற்றம். முதல்முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு. முள்ளெலியை வேறொருவருக்குக் கொடுத்தாலும் குற்றம் கைமாறுகிறதே தவிரக் குறைவதில்லை.

தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி மையத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழையுங்கள். என்ன விலங்கு, எப்படிக் கிடைத்தது, எத்தனை நாளாக இருக்கிறது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை காற்றோட்டமான பெட்டியில், கையால் தொடாமல், தண்ணீர் மட்டும் வைத்திருங்கள். வாங்கியபோது நடந்த உரையாடலையும் பணம் அனுப்பிய பதிவையும் அழிக்காதீர்கள். விற்றவரைத் தேடுபவர்களுக்கு அது பயன்படும். விலங்கைக் கொண்டுபோன பிறகு கூண்டையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அப்படியொரு விலங்கு வீட்டில் இருந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.